வெண்டரிடம் கையெழுத்து வாங்கினால் சப்ளை செயின் பொறுப்பாகிவிடுமா?

மாத்தூர்_பர்சேஸ் | திங்கள், காலை 9:12

வணக்கம். மணலி பக்கம் ஒரு பிரஸ்ஸிங் கம்பெனியில் பர்சேஸ் பார்க்கிறேன். கிளாம்ப், பிராக்கெட் மாதிரி சின்ன இரும்புப் பாகங்கள். பாதிக்கு மேல் உள்ளூர் வண்டிக் கம்பெனிகளுக்குப் போகிறது, மீதி ஒரு ஜெர்மன் கஸ்டமருக்கு. போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு எக்செல் ஷீட் வந்தது. குழந்தைத் தொழிலாளர் உண்டா, ஓவர்டைம் எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, கார்பன் கணக்கு என்ன, உங்கள் சப்ளையருக்கு சப்ளையர் யார் என்று கேள்வி நீண்டுகொண்டே போகிறது.

ஓனர் பார்த்துவிட்டு, "எல்லா வெண்டருக்கும் ஒரு நடத்தை விதி டைப் அடி, சீல் போட்டு வாங்கி ஃபைலில் வை, முடிந்தது" என்கிறார்.

எங்கள் வெண்டர்கள்: சாத்தாங்காட்டில் ஷீட் டீலர்கள், எங்கள் பாகங்களுக்குக் கூலிக்குத் துத்தநாகம் பூசித் தரும் ஜிங்க் பிளேட்டிங் ஜாப் ஒர்க் ஒருவர், ஹீட் ட்ரீட்மென்ட் அம்பத்தூரில், அட்டைப்பெட்டி, மர பேலட், லேபர் கான்ட்ராக்டர், டிரெய்லர் டிரான்ஸ்போர்ட். கையெழுத்து வாங்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்த ஜெர்மன்காரர் ஒருநாள் நேரில் வந்து நின்றால் எதைக் காட்டுவது? இந்த வேலையை உருப்படியாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

துறைமுகத்தான் | திங்கள், காலை 10:05

ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் வந்த காலத்திலேயே பார்த்த கூத்துதான் தம்பி. ஆடிட் வருவதற்கு முதல் நாள் தரையில் மஞ்சள் கோடு அடிப்பார்கள், எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுப்பார்கள், மறுநாள் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளைக்காரனுக்கு விலையும் குறைய வேண்டும், மனசும் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் ஓனர் சொன்னபடி சீல் போட்டு அனுப்புங்கள்.

பெரம்பூர்_ஆடிட் | திங்கள், காலை 11:30

துறைமுகத்தான் சார் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வருகிறேன். நான் சப்ளையர் ஆடிட் செய்து பிழைப்பவள்.

ஜெர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து சப்ளை செயின் பொறுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 3,000 ஊழியருக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கு, 2024 முதல் 1,000க்கு மேல் இருந்தாலே போதும். அந்தக் கம்பெனி தனக்கு நேரடியாக சரக்கு தருகிறவர்களிடம் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஆராய வேண்டும். அதனால்தான் உங்களுக்கு ஷீட் வந்திருக்கிறது. இங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்குச் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பறிக்கையைக் கட்டாயமாக்கியது. உங்கள் உள்ளூர் வண்டிக் கம்பெனியும் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு இதே ஷீட்டை நீட்டும்.

கையெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தையல் ஆலைகளில் சில அதற்கு முன்பு சமூகத் தணிக்கையில் (தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் ஆடிட்) தேறியவைதான்.

உங்களுக்கு என் யோசனை: எல்லோருக்கும் ஒரே படிவத்தை அனுப்பாதீர்கள். அட்டைப்பெட்டிக்காரரிடம் போய் பிளேட்டிங்கில் வரும் குரோமியம் பற்றிக் கேட்பது அவருக்கும் வீண், உங்களுக்கும் வீண். யாருக்கு எவ்வளவு பணம் போகிறது என்று ஒரு வரிசை போடுங்கள். யாரிடம் தப்பு நடந்தால் ஆள் சாவான், ஆறு சாகும் என்று இன்னொரு வரிசை போடுங்கள். பெரும்பாலும் முதல் வரிசையில் அடியில் இருப்பவர்தான் இரண்டாவதில் மேலே வருவார். உங்களுக்கு அது பிளேட்டிங், லேபர் கான்ட்ராக்டர். இன்னொருவர் உங்கள் பட்டியலிலேயே இல்லை. கழிவை எடுத்துக்கொண்டு போகிறவர் யார்?

மாத்தூர்_பர்சேஸ் | திங்கள், மதியம் 1:20

மேடம், அவர் வெண்டர் இல்லையே. ஸ்கிராப்புக்கு அவர்தான் எங்களுக்குப் பணம் தருகிறார். அக்கவுண்ட்ஸில் அவர் பெயர் கஸ்டமர் பக்கம்தான் இருக்கிறது. மாசத்துக்கு ஒருமுறை டாடா ஏஸ் வரும். கட்டிங் ஸ்கிராப், பழைய ஆயில், காட்டன் வேஸ்ட், காலி டிரம் எல்லாம் ஒரே லோடில் போய்விடும்.

கொடுங்கையூர்_டிரம் | திங்கள், மாலை 4:48

அந்த டாடா ஏஸ் கடைசியில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். பழைய டிரம் வியாபாரம் எங்கள் அப்பா காலத்திலிருந்து. நான் சொல்கிறேன்.

இரும்பு ஸ்கிராப் நேராக உருக்காலைக்குப் போய்விடும், அதில் பிரச்சினை இல்லை. காலி டிரம்தான் விஷயம். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். தெருவில் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, மேல்பக்கத்தை வட்டமாக அறுத்து, வெயிலில் காய வைப்பார்கள். ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டிவிடுவார்கள். அப்புறம் அது வீட்டு வாசலில் மெட்ரோ லாரித் தண்ணீர் பிடிக்கும் டிரம். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை ஒரு தெரு நடந்து பாருங்கள், எத்தனை வாசலில் நீல டிரம் நிற்கிறது என்று. எல்லாமே கெமிக்கல் டிரம் இல்லை. எசென்ஸ், சிரப் வந்த டிரம்மும் உண்டு. ஆனால் எது எது என்று கழுவிய பிறகு எனக்கே தெரியாது, வாங்குகிற பொம்பளைக்கு எப்படித் தெரியும்?

நான் கெமிக்கல் டிரம் எடுப்பதை விட்டுவிட்டேன். எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கம்பெனிகள் விற்கிற வரைக்கும் எடுப்பார்கள்.

பெரம்பூர்_ஆடிட் | திங்கள், மாலை 6:15

நன்றி அண்ணா, நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இது வராது.

மாத்தூர் சார், 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் கெமிக்கல் பட்ட காலி டிரம்மும் அபாயக் கழிவுதான். பழைய ஆயிலும் அப்படியே. ஆயில் பட்ட காட்டனையும் சாதாரணக் குப்பையோடு போடக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. வண்டியில் ஏற்றும்போது மேனிஃபெஸ்ட் என்ற கழிவுப் பயணச் சீட்டு போட வேண்டும், அது ஏழு நகல். மஞ்சள் நகல் நீங்கள் வைத்துக்கொள்வது. பல கம்பெனிகளில் அதைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார்கள். நான் கேட்பது நீல நகல். கழிவு வாங்கியவர் "வந்து சேர்ந்தது" என்று உங்களுக்குத் திருப்பி அனுப்புவது அது. நீலம் இல்லை என்றால் வண்டி கும்மிடிப்பூண்டிக் கழிவுக் கிடங்குக்குப் போனதா, பாதி வழியில் கால்வாய் ஓரமாக நின்றதா என்று யாருக்குத் தெரியும்?

எர்ணாவூர் | திங்கள், இரவு 9:40

கால்வாய் ஓரமாக நின்றால் எங்களுக்குத் தெரியும். பக்கிங்காம் கால்வாயில் விட்டது கொசஸ்தலை முகத்துவாரத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பாகிக் கிடந்தது. வெறும் கையால் முறத்திலும் பக்கெட்டிலும் அள்ளினார்கள். அது டிவியில் வந்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக வருவது வராது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் சேர்த்துவிட்டது.

இறால், நண்டு பிடிக்க என் மாமா இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவித் தேடுவார். சாயங்காலம் காலெல்லாம் அரிப்பு. உங்கள் ஷீட்டில் அவருக்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

துறைமுகத்தான் | செவ்வாய், காலை 7:50

தம்பி எர்ணாவூர், நான் கிண்டல் செய்தது ஷீட்டை. உங்கள் மாமாவை இல்லை.

பிளேட்டிங்_தொட்டி | செவ்வாய், காலை 8:30

எல்லோரும் கடைசியில் என் தலையில்தான் வந்து நிற்பீர்கள் என்று தெரியும். நானே முந்திக்கொள்கிறேன். ஜிங்க் பிளேட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். மாத்தூர் சாரின் ஜாப் ஒர்க்கர் நான் இல்லை, ஆனால் அவர் நிலைமை என் நிலைமைதான்.

சரக்கு வந்ததும் எண்ணெய் எடுக்க வேண்டும், ஆசிடில் துரு எடுக்க வேண்டும், ஜிங்க் தொட்டி, அதற்கு மேல் பாசிவேஷன் என்ற குரோமியப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கழுவுகிற தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி, அடியில் தங்கும் சேறான ஸ்லட்ஜை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, மூட்டை கட்டி, பணம் கொடுத்துக் கும்மிடிப்பூண்டிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ஆசிடுக்குக் காசு, ஜிங்க்குக்குக் காசு, கரண்டுக்குக் காசு. இதெல்லாம் ரேட் பேசும்போது எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஸ்லட்ஜ் என்று வாயெடுத்தால் "அது உங்கள் உள் செலவு" என்பார்கள். அப்புறம் பக்கத்து யூனிட்டில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக் கேட்டார் என்று ஒரு கொட்டேஷனை நீட்டுவார்கள். அந்த ஒன்றரை ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று ஒரு பர்சேஸ்காரர்கூட என்னிடம் கேட்டது இல்லை. அவர் சுண்ணாம்பு போடவில்லை சார், அவ்வளவுதான்.

இன்னொன்று. வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு லோடு இறக்கிவிட்டு வெள்ளி காலை கன்டெய்னர் கட்டணும் என்பார்கள். என் பையன்கள் இரவு முழுக்கத் தொட்டி பக்கத்தில் நிற்பார்கள். அடுத்த மாதம் அதே கம்பெனியிலிருந்து "ஓவர்டைம் அளவோடு இருக்க வேண்டும்" என்று நடத்தை விதி வரும். நானும் சீல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பில் பணம் கைக்கு வர 120 நாள். வட்டிக்கு வாங்கித்தான் கூலி கொடுக்கிறேன்.

வால்டாக்ஸ்_கணக்கு | செவ்வாய், காலை 10:10

பணம் என்றதும் நான் வந்துவிட்டேன். பிளேட்டிங் அண்ணா உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் சட்டம் அவர் பக்கம்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் கை வைத்தார்கள் பாருங்கள், கெடு தாண்டினால் அந்தத் தொகையைக் கொடுக்கிற வருஷம்தான் செலவாகக் காட்ட முடியும் என்று, அப்போதுதான் ஓனர்கள் முழித்தார்கள். சாத்தாங்காட்டு ஷீட் டீலருக்கு இது பொருந்தாது, அவர் வியாபாரி. ஜாப் ஒர்க்குக்குப் பொருந்தும்.

மார்ச் மாதம் மட்டும் செக் போட்டுவிட்டு ஏப்ரலிலிருந்து பழையபடி இழுக்கும் கம்பெனிகளும் எனக்குத் தெரியும்.

நிர்வாகி | செவ்வாய், காலை 10:40

இழை நன்றாகப் போகிறது. கம்பெனிப் பெயர் மட்டும் யாரும் போட வேண்டாம்.

மாத்தூர்_பர்சேஸ் | செவ்வாய், மதியம் 2:05

எங்களிடம் ஜாப் ஒர்க்குக்கு 90 நாள். ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, பர்சேஸ் ஆர்டர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான்.

மேடம், ஒரு சந்தேகம். பிளேட்டிங் யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தால் மட்டும் எனக்கு என்ன புரியும்? நான் மெக்கானிக்கல் டிப்ளமா. தண்ணீர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, எல்லாம் சரி என்று வந்துவிடுவேன்.

பெரம்பூர்_ஆடிட் | செவ்வாய், இரவு 8:20

கெமிஸ்ட்ரி தெரிய வேண்டாம், பில் படிக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் பர்சேஸ் ஆள், என்னைவிட நன்றாகப் படிப்பீர்கள்.

ஒரு வருஷத்து ஆசிட் பில், சுண்ணாம்பு பில் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆசிட் வண்டி வண்டியாக வந்திருக்கும், சுண்ணாம்பு நாலு மூட்டை என்றால் அந்த ஆசிட் எப்படி நடுநிலையானது? அடுத்து ஸ்லட்ஜ் அனுப்பிய எடை. வேலை இரட்டிப்பான மாதத்தில் ஸ்லட்ஜ் மட்டும் அப்படியே நின்றால் கேள்வி கேளுங்கள். சுத்திகரிப்புப் பக்கத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் ரீடிங்கைப் பாருங்கள், இரவில் மட்டும் நிற்கிறதா என்று. இவை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பொய் எழுதுவது உண்மையைச் செய்வதைவிடக் கஷ்டம்.

லேபருக்கும் இதே வழிதான். வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை என்றிருக்கும். டெலிவரி சலான் புத்தகத்தைப் புரட்டினால் ஞாயிறு தேதியில் சரக்கு வெளியே போயிருக்கும். யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள் அல்லவா? ஓவர்டைம் இரட்டைக் கூலி வந்ததா என்று அங்கேயே பிடித்துவிடலாம். கூலிப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் உட்கார்ந்து எழுதியது.

வடமாநிலத் தம்பிகள் இருந்தால் அவர்களிடம் தனியாக, சூப்பர்வைசர் இல்லாமல் பேசுங்கள். ஒரிஜினல் ஆதார் யார் கையில் இருக்கிறது, ஊரிலிருந்து வர ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தான், அந்தக் கடன் கழிந்ததா. இந்த மூன்றும் போதும். கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியான நீங்கள்தான் தர வேண்டும் என்பதையும் உங்கள் ஓனருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

பிளேட்டிங்_தொட்டி | செவ்வாய், இரவு 9:05

மேடம் என் யூனிட்டுக்கு வந்துவிடாதீர்கள். (சும்மா சொன்னேன், வாங்க.)

ஒரு டெக்னிக்கல் விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் இன்னும் "மஞ்சள் பாசிவேஷன்" என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மஞ்சள் என்றால் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் சாமான். ஐரோப்பாவுக்குப் போகும் வண்டிப் பாகங்களில் 2007 ஜூலையிலிருந்தே அதற்குத் தடை. மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறினால் நிறம் நீலமாகவோ வானவில் மாதிரியோ வரும். ஏற்றுமதி லோடுக்கு எல்லோரும் மாறிவிட்டார்கள். உள்ளூர் லோடுக்குப் பழைய டிராயிங்கையே நீட்டுகிற கம்பெனி நிறைய. மஞ்சளாக இல்லையென்றால் இன்ஸ்பெக்ஷனில் ரிஜெக்ட் செய்கிறார்கள் சார்! என் பையன் கை ஜெர்மன் லோடுக்கு ஒரு மாதிரி, ஓசூர் லோடுக்கு ஒரு மாதிரியா?

துறைமுகத்தான் | புதன், காலை 6:55

சரி, நானும் ஒன்று சொல்கிறேன், கிண்டல் இல்லாமல். டிரெய்லர் ஓட்டி, அப்புறம் சொந்த வண்டி வைத்து, இப்போது சும்மா இருக்கிறேன்.

உங்கள் ஷீட்டில் டிரான்ஸ்போர்ட் என்றால் கார்பன் மட்டும்தான் கேட்டிருப்பார்கள். லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அதை வைத்துப் பெருக்கிப் போட்டுவிடலாம். டிரைவர் எங்கே ஒண்ணுக்குப் போகிறான் என்று எவனும் கேட்பதில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட்டுக்குக் காத்திருக்கிற வண்டி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காத்து முடித்து, மணலிக்கு வந்து உங்கள் கேட்டில் நின்றால் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். லோடு ரெடி இல்லை, வெளியே நில். கக்கூஸ் ஸ்டாஃபுக்கு மட்டும். கிளீனர் இல்லாத வண்டி என்றால் சாப்பிடக்கூட இறங்க முடியாது, பேட்டரி போய்விடும், டீசல் போய்விடும்.

கேட்டுக்கு உள்ளே ஒரு ஃபேன், ஒரு பெஞ்ச், தண்ணீர், கக்கூஸ் சாவி. இதற்கு எந்த ஜெர்மன் சட்டமும் வேண்டாம். தூங்கி எழுந்த டிரைவர் வண்டியை நேராக ஓட்டுவான்.

வால்டாக்ஸ்_கணக்கு | புதன், காலை 9:30

கார்பன் பேச்சு வந்ததால் ஒரு வரி. ஐரோப்பாவின் எல்லை கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றுக்கு 2023 அக்டோபரில் அறிக்கையோடு தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து பணமாகிறது. போல்ட், நட், ஸ்க்ரூ (சுங்கச் சரக்கு எண், அதாவது எச்எஸ் கோடு 7318) அதில் வருகிறது. வண்டிப் பாகம் என்ற தலைப்பில் போகும் சரக்கின் நிலை வேறு. இன்வாய்ஸில் எந்த எச்எஸ் கோடு போடுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஷீட் எந்த ஆலையில் உருகியது என்ற மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை டீலரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். சாத்தாங்காட்டில் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

மாத்தூர்_பர்சேஸ் | அடுத்த திங்கள், இரவு 7:45

ஒரு வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். ஓனரிடம் பேசியதைச் சொல்லிவிடுகிறேன்.

டிரம் கதையை அப்படியே மொபைலில் படித்துக் காட்டினேன். அவர் வீடு கொருக்குப்பேட்டையில், வாசலில் இரண்டு நீல டிரம் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, அங்கீகாரம் பெற்ற ஆளுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். ஸ்கிராப் வருமானம் குறையும், கழிவுக்கு நாம் பணம் கட்ட வேண்டும் என்றேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றார். இரும்பு ஸ்கிராப் மட்டும் பழையவரிடமே போகும்.

பணம்: ஜாப் ஒர்க்குக்கு 45 நாள், ஒப்பந்தம் எழுதுகிறோம். இதற்கு வால்டாக்ஸ் சார் சொன்ன வரி விஷயம்தான் உதவியது. நியாயம் பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டே இருந்திருப்பேன்.

ரேட்டில்தான் முட்டுகிறது. ஸ்லட்ஜ் செலவைத் தனி வரியாகக் கொட்டேஷனில் போட்டால் தருகிறேன், ஆனால் நீல நகல் காட்டினால்தான் அந்த வரிக்குப் பணம் என்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. எங்கள் பிளேட்டிங்காரர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. இரவு லோடு அனுப்புவதை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும் பதிலே இல்லை. புரொடக்ஷன் மேனேஜர் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் பெஞ்ச் போட்டாகிவிட்டது. கக்கூஸ் சாவி இன்னும் செக்யூரிட்டி கையில்தான்.

பெரம்பூர்_ஆடிட் | அடுத்த திங்கள், இரவு 8:30

ஷீட்டில் "இல்லை", "இன்னும் செய்யவில்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம்" என்று எழுதத் தயங்காதீர்கள். எல்லாக் கட்டத்திலும் "ஆம்" போட்ட ஷீட்டைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். இரவு லோடையும் அப்படியே எழுதுங்கள். ஜெர்மன்காரர் கடைசி நேரத்தில் ஆர்டர் அளவை மாற்றுவதால் வருவது அது என்றால் அதையும் எழுதுங்கள், அவர் பர்சேஸ் ஆளுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எர்ணாவூர் | அடுத்த திங்கள், இரவு 9:15

பழைய ஆயில் இனிமேல் எங்கே போகும்? அதைச் சொல்லவில்லையே.

மாத்தூர்_பர்சேஸ் | அடுத்த திங்கள், இரவு 9:50

அதுவும் டிரம்மோடு சேர்த்துத்தான். மறுசுத்திகரிப்புக்கு அங்கீகாரம் உள்ள ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வாரியத்தின் பட்டியலில் பெயர் பார்த்துவிட்டேன், இன்னும் ஆலைக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பிளேட்டிங் அண்ணா, எங்கள் ஆளிடம் போவதற்கு முன்னால் உங்கள் யூனிட்டை ஒருமுறை பார்க்கலாமா? என்ன கேட்பது என்று பழகிக்கொள்ளத்தான்.

பிளேட்டிங்_தொட்டி | செவ்வாய், காலை 7:20

தாராளமாக. வெள்ளிக்கிழமை வாங்க, அன்றைக்குத்தான் தொட்டி கழுவுவோம், பிரஸ்ஸும் ஓடும். மற்ற நாளில் வந்தால் தரை காய்ந்து அழகாக இருக்கும், எதுவும் தெரியாது. சுண்ணாம்பு பில் எடுத்து வைக்கிறேன். நல்ல ஷூ போட்டு வராதீர்கள், ஆசிட் பட்டால் என்னைக் கேட்கக் கூடாது.